ஒரே ‘ணும்’, ஆங்கிலத்தில் ஆறு: குமுளிப் பக்கத்து ஜீப்காரர்களுக்கும் ஹோம்ஸ்டேக்காரர்களுக்கும்

ஐடி கார்டு வெச்சிருக்கணும். படகுல லைஃப் ஜாக்கெட் போடணும். காலைல அஞ்சரைக்கெல்லாம் கிளம்பணும். சத்திரம் மேட்டுல சூரியன் வர்றதைப் பார்க்கணும். குமுளியிலும் தேக்கடியிலும் வெளிநாட்டுக்காரர்களிடம் தினமும் இதைத்தான் சொல்கிறோம். தமிழில் நான்குக்கும் ஒரே முடிவு. மலையாளத்திலும் அப்படித்தான்: வேணம், இடணம், போகணம். அதனால் இரண்டு பாஷையும் தெரிந்தவருக்கும் இதில் கூடுதல் உதவி கிடையாது.

ஆங்கிலத்தில் இந்த நான்கும் ஒரே சொல்லில் அடங்காது. நம்மில் பலர் எல்லாவற்றுக்கும் ‘மஸ்ட்’ போட்டு முடித்துவிடுகிறோம். ‘யு மஸ்ட் கம் அட் ஃபைவ் தேர்ட்டி. யு மஸ்ட் பே நௌ. யு மஸ்ட் சிட் ஹியர்.’ இலக்கணத்தில் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் கேட்பவருக்கு அது அதட்டலாக விழும். காசு கொடுத்து வந்தவரை அதட்டினால் அடுத்த நாள் வேறு ஜீப்பைப் பார்த்துக்கொள்வார்.

எந்தச் சொல்லைப் போடுவது என்று முடிவு செய்ய இரண்டே கேள்விகள் போதும். இந்தக் கட்டாயம் எங்கிருந்து வருகிறது: என் யோசனையா, வனத்துறை விதியா, ரோடும் மழையும் உண்டாக்கியதா? செய்யாவிட்டால் என்ன ஆகும்: ஒன்றும் ஆகாதா, கொஞ்சம் சிரமமா, ஆபத்தா? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்துவிட்டால் சொல் தானாக வந்துவிடும்.

யோசனை சொல்ல: ஷுட்

நல்லதுக்காகச் சொல்கிறோம், கேட்பதும் கேட்காததும் அவர் இஷ்டம் என்றால் ‘ஷுட்’. உச்சரிப்பில் ‘ல்’ சத்தமே வராது. ‘ஷுல்ட்’ என்று எழுத்துக் கூட்டிப் படிக்கும் பழக்கம் இருந்தால் முதலில் அதை விடுங்கள்.

ஷுட்டுக்குப் பின்னால் வினைச்சொல் மொட்டையாகத்தான் வரும். ‘யு ஷுட் டு கேரி’ தப்பு. ‘ஹி ஷுட் கேரிஸ்’ தப்பு. ‘யு ஷுட் கேரி’, ‘ஹி ஷுட் கேரி’, இவ்வளவுதான். கேள்வி கேட்க ‘டு’ (do), ‘டஸ்’ (does) எதையும் கொண்டுவர வேண்டாம். இடத்தை மாற்றினால் போதும்: ‘ஷுட் வி கேரி வாட்டர்?’

மழைக்காலத்தில் ஏலத் தோட்டத்துக்குள் நடக்க ஒரு குடும்பம் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அட்டைக்கு என்ன செய்வது என்று சொல்ல வேண்டும். ‘யு ஷுட் வேர் லீச் சாக்ஸ்.’ லீச் சாக்ஸை, அதாவது அட்டை ஏறாமல் தடுக்கும் நீளமான காலுறையைக் காட்டிவிட்டு, ‘யு ஷுட் டக் யுவர் ட்ரௌசர்ஸ் இன்டு த சாக்ஸ் அண்ட் டை தெம் பிலோ த நீ.’ பேன்ட்டை உள்ளே விட்டு முட்டிக்குக் கீழே கட்டச் சொல்கிறோம். அட்டை கடித்துவிட்டால்: ‘யு ஷுடன்ட் புல் இட். யு ஷுட் ஸ்லைட் எ ஃபிங்கர்நெயில் அண்டர் இட்ஸ் மௌத்.’ பிடுங்காதீர்கள், வாய்ப்பக்கம் நகத்தை விட்டு நெருடித் தள்ளுங்கள் என்று அர்த்தம். நான்கு வாக்கியத்திலும் ஒரே சொல்தான், அதில் தவறில்லை. நான்கும் யோசனை, மீறினால் அட்டை கடிக்கும், அவ்வளவுதான்.

இதை இன்னும் பதமாகச் சொல்ல ‘ஐ திங்க்’ என்று முன்னால் சேருங்கள்: ‘ஐ திங்க் யு ஷுட் ஸ்டார்ட் எர்லி.’ வயதானவரிடம், முதல் தடவை பார்ப்பவரிடம் இப்படிச் சொல்வதுதான் அழகு. இதைவிட மென்மை வேண்டுமா, ‘யு மைட் வான்ட் டு டேக் எ ஸ்வெட்டர்.’ சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘உங்களுக்கு ஆசை வந்தாலும் வரலாம்’ என்பது போலத் தெரியும். ஆனால் ஆங்கிலம் பேசுபவர் காதில் அது மரியாதையான அறிவுரை, ‘ஸ்வெட்டர் எடுத்துக்கிட்டா நல்லதுங்க’ என்கிற தொனி. அவர் நம்மிடம் ‘யு மைட் வான்ட் டு ஸ்லோ டவுன்’ என்றால் ஏதோ சும்மா பேசுகிறார் என்று விட்டுவிடாதீர்கள். வேகத்தைக் குறைக்கச் சொல்கிறார்.

‘ஆட் டு’ என்று பள்ளிக்கூடத்தில் ஒன்று சொல்லிக் கொடுத்திருப்பார்கள். ஷுட் தரும் அர்த்தமேதான் ஏறக்குறைய. பேச்சில் குறைவாகத்தான் வரும். கேட்டால் புரிந்துகொள்ளுங்கள், நீங்கள் சொல்ல ஷுட்டே போதும்.

விதியும் நிலைமையும்: ஹேவ் டு

கட்டாயம் நம் வாயிலிருந்து வரவில்லை, வெளியிலிருந்து வருகிறது என்றால் ‘ஹேவ் டு’. ஜீப்காரருக்கும் ஹோம்ஸ்டேக்காரருக்கும் அதிகம் உதவுவது இந்தச் சொல்தான் என்பது எங்கள் கணிப்பு. ஏனென்றால் ‘இது என் ஆசை இல்லைங்க, ரூல் அப்படி’ என்பதை அதுவே சொல்லிவிடும். முறைப்பும் இருக்காது.

2009 செப்டம்பர் 30-ஆம் தேதி தேக்கடி ஏரியில் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். இன்று படகில் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்ளப் பார்ப்பவரிடம் ‘யு ஷுட் வேர் இட்’ என்றால் குறைவு. போட்டால் நல்லது என்று மட்டும் சொன்னதாகிவிடும். ‘யு ஹேவ் டு வேர் இட் த ஹோல் டைம், சார்’ என்பதே சரி. இறங்கும் வரை போட்டே இருக்க வேண்டும் என்பது அதில் வந்துவிடுகிறது.

இங்கே உச்சரிப்பைக் கவனியுங்கள். ‘ஹேவ்’ தனியாக வரும்போது ‘வ்’. ‘டு’ சேர்ந்ததும் ‘ஹேஃப்டு’ என்று ஒரே சொல்லாக ஒட்டிக்கொள்ளும். ‘ஹேஸ் டு’வும் ‘ஹேஸ்டு’ என்று அழுத்தமான ‘ஸ்’ஸோடு வரும். இது தெரியாததால்தான் அவர்கள் பேசும்போது நம் காதில் பாதி தப்பிப் போகிறது.

இலக்கணத்தில் இது ஷுட் மாதிரி நடக்காது, சாதாரண வினைச்சொல் மாதிரி நடக்கும். ஒருவர் என்றால் ‘ஹி ஹேஸ் டு ஷோ ஹிஸ் பாஸ்போர்ட்.’ கேள்விக்கு ‘டு வி ஹேவ் டு’, ‘டஸ் ஷி ஹேவ் டு’. ‘ஹேவ் வி டு கோ?’ என்று கேட்டால் பழைய நாடகத்து வசனம் போல இருக்கும். நடந்து முடிந்ததற்கு ‘ஹேட் டு’, இனி வரப்போவதற்கு ‘வில் ஹேவ் டு’. குமுளி மலைப்பாதையில் மரம் விழுந்து வழி அடைபட்டால் இரண்டுமே தேவைப்படும்: ‘வி ஹேட் டு டர்ன் பேக். யு வில் ஹேவ் டு கோ டௌன் வயா கம்பம் மெட்டு.’ திரும்பி வர வேண்டியதாகிவிட்டது, நீங்கள் கம்பம் மெட்டு வழியாகத்தான் இறங்கியாக வேண்டும் என்று பொருள். இந்த இரண்டு இடத்திலும் மஸ்ட்டால் ஒன்றும் செய்ய முடியாது. ‘யெஸ்டர்டே வி மஸ்ட் டர்ன் பேக்’ என்றோ ‘டுமாரோ யு வில் மஸ்ட் கோ’ என்றோ ஆங்கிலத்தில் கிடையாது.

‘நீட் டு’வும் இதே வரிசைதான், கொஞ்சம் மென்மை அதிகம். விதியைவிடக் காரியம் முன்னால் நிற்கும்: ‘யு நீட் டு புக் த மார்னிங் ட்ரிப் டுடே.’ புக் செய்யாவிட்டால் இடம் கிடைக்காது என்பதுதான் காரணம், யாரும் தண்டிக்கப் போவதில்லை.

அப்படியானால் மஸ்ட் எதற்கு?

அதை மொத்தமாகத் தூக்கிப் போட வேண்டியதில்லை. அதற்கும் இடங்கள் உண்டு.

ஆபத்து நேரம் ஒன்று. யானை ரோட்டோரம் நிற்கிறது, பின்சீட்டுக்காரர் கேமராவோடு கதவைத் திறக்கப் போகிறார். அங்கே ‘ஐ திங்க் யு ஷுட்’ என்று நயமாகப் பேசிக்கொண்டிருக்க முடியாது. ‘யு மஸ்ட் ஸ்டே இன் த ஜீப்!’ என்று சொல்லலாம். அதைவிட ‘ஸ்டே இன் த ஜீப்!’ வேகமாக வந்து சேரும். உயிர் விஷயத்தில் சொற்கள் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது.

எழுதி ஒட்டும் விதி இன்னொன்று. ‘லைஃப் ஜாக்கெட்ஸ் மஸ்ட் பி வோர்ன்’ என்று போர்டில் இருந்தால் யார் மனசும் புண்படாது. போர்டு எல்லோருக்கும் பொது.

மூன்றாவது நமக்கு மிகவும் பயன்படுவது, ஆனால் நாம் அதிகம் பயன்படுத்தாதது: ஆசையாகச் சிபாரிசு செய்வது. ‘யு மஸ்ட் ட்ரை அவர் கார்டமம் டீ.’ ‘யு மஸ்ட் ஸீ த சன்ரைஸ் ஃப்ரம் சத்திரம்.’ இதில் அதட்டல் இல்லை. ‘குடிச்சே ஆகணும்’, ‘பார்த்தே தீரணும்’ என்கிற உற்சாகம். ஏன் இங்கே மட்டும் கடுமை தெரிவதில்லை? லாபம் முழுக்கக் கேட்பவருக்கு, சந்தோஷமான காரியம், மறுத்தாலும் நஷ்டமில்லை. ‘யு மஸ்ட் பை ஃப்ரம் மை பிரதர்ஸ் ஷாப்’ என்றால் லாபம் யாருக்கு என்பது பளிச்சென்று தெரிந்துவிடும், உடனே கடுமையும் திரும்பி வந்துவிடும். மசாலாக் கடைக்காரர்கள் இந்த வித்தியாசத்தைக் கவனித்தால் நல்லது.

நம்மை நாமே கட்டாயப்படுத்திக்கொள்ளவும் மஸ்ட் வரும்: ‘ஐ மஸ்ட் கால் மை வைஃப்.’

‘வேண்டாம்’ என்று சொல்லும்போது

உண்மையான சேதாரம் நடப்பது இங்கேதான், கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ஹேவ் டுவும் மஸ்ட்டும் ஆம் என்று சொல்லும்போது கிட்டத்தட்ட ஒன்று. இல்லை என்று சொல்லும்போது நேரெதிர். ‘யு மஸ்டன்ட்’ என்றால் கூடாது, தடை. ‘யு டோன்ட் ஹேவ் டு’ என்றால் வேண்டியதில்லை. செய்தாலும் சரி, விட்டாலும் சரி.

குரங்குக்குப் பிஸ்கட் நீட்டுகிறவரிடம் ‘யு டோன்ட் ஹேவ் டு ஃபீட் த மங்கீஸ்’ என்று சொன்னால், ‘கட்டாயமில்லை, விருப்பம் இருந்தால் கொடுங்கள்’ என்று பொருளாகிவிடும். அவர் சிரித்துக்கொண்டே அடுத்த பிஸ்கட்டை எடுப்பார். அவர் மேல் தப்பில்லை. எதிர்ப்பக்கம், டிப்ஸ் கொடுக்கலாமா என்று தயங்குபவரிடம் ‘நோ சார், யு மஸ்ட் நாட் டிப்’ என்றால் டிப்ஸ் கொடுப்பது குற்றம் என்று நினைத்துப் பர்ஸை மூடிவிடுவார். ‘யு டோன்ட் ஹேவ் டு’ என்றிருந்தால் கைக்கு ஏதாவது வந்திருக்கும்.

இந்த விஷயத்தில் தமிழ் நமக்குக் கைகொடுக்கிறது. ‘கூடாது’ வேறு, ‘வேண்டியதில்லை’ வேறு என்று நம் பேச்சிலேயே பிரிவு இருக்கிறது. மலையாளத்தில் ‘பாடில்லா’வும் ‘வேண்டா’வும் அதே மாதிரி. குழப்புவது ‘வேண்டாம்’ என்ற ஒரு சொல்தான். ‘பிஸ்கட் கொடுக்க வேண்டாம்’ என்பது தடை. ‘அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்’ என்பது சலுகை. ஆகவே வாயில் ‘வேண்டாம்’ வந்தால் ஒரு நொடி நிறுத்தி, அந்த இடத்தில் ‘கூடாது’ பொருந்துகிறதா, ‘தேவையில்லை’ பொருந்துகிறதா என்று மாற்றிப் பாருங்கள். கூடாது என்றால் மஸ்டன்ட். தேவையில்லை என்றால் டோன்ட் ஹேவ் டு, டோன்ட் நீட் டு, அல்லது நீடன்ட்.

‘மஸ்டன்ட்’ உச்சரிப்பில் நடுவில் உள்ள ‘ட்’ காணாமல் போய் ‘மஸன்ட்’ என்றுதான் கேட்கும். பெரியவர்களிடம் இந்தச் சொல் டீச்சர் சொல்வது மாதிரியும் இருக்கும். தினசரிப் பேச்சில் தடை சொல்ல ‘கான்ட்’ நல்லது: ‘யு கான்ட் டேக் பிளாஸ்டிக் இன்சைட்.’ இன்னும் மரியாதைக்கு ‘பிளாஸ்டிக் இஸ் நாட் அலவ்ட் இன்சைட், சார்.’ இதில் ‘நீ’ என்று யாரையும் சுட்டவே இல்லை, கவனித்தீர்களா?

மாட்டிவிடும் இரண்டு

‘ஹேட் பெட்டர்’ முதலாவது. உள்ளே ‘பெட்டர்’ இருப்பதால் ‘இப்படிச் செய்தால் இன்னும் நல்லது’ என்று மென்மையாக நினைத்துக்கொள்கிறோம். அது மென்மையே இல்லை, எச்சரிக்கை. ‘யு’ட் பெட்டர் பே நௌ’ (‘யு ஹேட்’ சுருங்கினால் ‘யு’ட்’) என்றால் ‘இப்பவே கொடுத்துடு, இல்லேன்னா நடக்கிறதே வேற’ என்கிற தொனி வந்துவிடும். விருந்தினரிடம் காசு விஷயத்தில் ஒருபோதும் வேண்டாம். இயற்கை உண்டாக்கும் ஆபத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: ‘இட்ஸ் கோயிங் டு ரெய்ன். வி’ட் பெட்டர் கோ பேக்.’ ‘யு’ இருந்த இடத்தில் ‘வி’ போட்டதால் பாதிக் காரம் போய்விட்டது. ‘ஹேட்’ இருந்தாலும் இது இறந்தகாலம் இல்லை, இப்போதைக்கும் இனிமேலுக்கும்தான். பின்னால் ‘டு’ வராது. எதிர்மறைக்கு ‘ஹேட் பெட்டர் நாட்’.

இரண்டாவது ‘சப்போஸ்ட் டு’. விதி இருக்கிறது, ஊரில் பலர் மீறுகிறார்கள், நான் மீறத் தயாரில்லை: இந்த மூன்றையும் ஒரே வாக்கியத்தில் சொல்ல இதை விட்டால் வேறில்லை. காட்டுப் பாதை நடுவில் வண்டியை நிறுத்தச் சொல்கிறார், இறங்கி போட்டோ எடுக்க வேண்டுமாம். ‘ஸாரி, ஐ’ம் நாட் சப்போஸ்ட் டு ஸ்டாப் ஹியர்.’ அவர் மேல் பழி இல்லை, நம் மேலும் இல்லை. எழுதும்போது கடைசி ‘ட்’டை விட்டுவிடாதீர்கள். பேச்சில் அது ‘டு’வோடு கரைந்துவிடுவதால் வாட்ஸ்அப்பில் பலர் தப்பாக எழுதுகிறார்கள். முன்னால் ‘ஆம்’, ‘இஸ்’, ‘ஆர்’ கட்டாயம் வர வேண்டும். ‘ஐ நாட் சப்போஸ்ட்’ என்பது பாதி வாக்கியம்.

முடிந்துபோனதைப் பேச

‘அவர் அஞ்சு மணி பஸ்ல போயிருக்கணும்.’ தமிழில் இதற்கு இரண்டு அர்த்தம். போகாமல் விட்டுவிட்டாரே என்ற ஆதங்கம் ஒன்று. ஆளைக் காணோம், போயிருப்பார் என்ற ஊகம் மற்றொன்று. குரல்தான் எது என்று காட்டும். ஆங்கிலத்தில் குரல் போதாது, சொல்லே மாற வேண்டும். ஆதங்கத்துக்கு ‘ஹி ஷுட் ஹேவ் டேக்கன் த ஃபைவ் ஓ கிளாக் பஸ்.’ ஊகத்துக்கு ‘ஹி மஸ்ட் ஹேவ் டேக்கன் த ஃபைவ் ஓ கிளாக் பஸ்.’ இடம் மாறினால் வம்பு. ரூமைக் காலி செய்து மதுரை பஸ் ஏறிப் போய்விட்டவரைத் தேடி நண்பர் வந்தால் ‘ஹி ஷுட் ஹேவ் லெஃப்ட்’ என்று சொல்லிவிடாதீர்கள். போயிருக்க வேண்டியவர், போகவில்லை என்று எடுத்துக்கொண்டு மாடிக்கு ஏறிக் கதவைத் தட்டுவார்.

‘யு ஷுட் ஹேவ் டோல்ட் மி’ என்று விருந்தினர் நம்மிடம் சொன்னால் அது குறை சொல்வது. ‘யெஸ், ஐ ஷுட் ஹேவ். ஸாரி’ என்று ஒப்புக்கொண்டால் அந்தப் பேச்சு அங்கேயே நின்றுவிடும். நாம் அவரிடம் இதே வாக்கியத்தைச் சொன்னால் நாம் அவரைக் குறை சொல்வதாகும், எனவே பார்த்துச் சொல்லுங்கள்.

அவர் கேட்ட சொல்லைப் பிடித்துப் பதில்

கேள்வியில் எந்தச் சொல் வந்ததோ அதையே பதிலிலும் வைப்பது எளிய வழி. ‘ஷுட் வி பிரிங் அம்ப்ரெல்லாஸ்?’ என்றால் பதில் ‘யெஸ், யு ஷுட்.’ ‘டு வி ஹேவ் டு பே நௌ?’ என்றால் ‘நோ, யு டோன்ட் ஹேவ் டு. யு கேன் பே ஆஃப்டர் த ட்ரிப்.’ ஒரே ஒரு விலக்கு: ‘மஸ்ட் வி…?’ என்று யாராவது கேட்டால் இல்லை என்பதற்கு ‘நோ, யு மஸ்டன்ட்’ வராது. அது தடையாகிவிடும் என்று பார்த்தோம். ‘நோ, யு டோன்ட் ஹேவ் டு’ என்றே சொல்லுங்கள்.

முந்தின நாள் சாயங்காலம் வாட்ஸ்அப்பில் அனுப்ப ஒரு மாதிரி:

‘வி ஸ்டார்ட் அட் ஃபைவ் தேர்ட்டி. யு நீட் டு பி அட் த கேட் பை ஃபைவ் ட்வென்டி. யு ஹேவ் டு கேரி ஒரிஜினல் ஐடி. யு ஷுட் வேர் டார்க் க்ளோத்ஸ் அண்ட் யு மைட் வான்ட் டு பிரிங் எ ஜாக்கெட். யு டோன்ட் ஹேவ் டு பிரிங் ஃபுட். வி ஆர் நாட் சப்போஸ்ட் டு ப்ளே மியூசிக் இன் த ஃபாரஸ்ட்.’

இதில் எல்லா ‘யு’வையும் அடுத்தடுத்து மஸ்ட் போட்டு ஒரு தடவை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், வித்தியாசம் காதிலேயே தெரியும். நேரத்துக்கு நீட் டு, ஐடிக்கு ஹேவ் டு, உடுப்புக்கு ஷுட், குளிருக்கு மைட் வான்ட் டு என்று காரம் ஏறி இறங்குகிறது. எல்லாமே ஒரே அளவு கட்டாயமாக இருந்தால் எது உண்மையிலேயே கட்டாயம் என்று அவருக்குத் தெரியாமல் போய்விடும். ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு ஐடியை மறந்துவிட்டு வருவார்.

உங்கள் வேலையில் தினம் சொல்லும் ‘ணும்’ வாக்கியங்கள் பத்தை ஒரு தாளில் தமிழில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ‘யோசனை’, ‘விதி’, ‘நிலைமை’, ‘ஆபத்து’ என்று ஒரு சொல் மட்டும் குறித்துவிட்டு, அதன் பிறகு ஆங்கிலத்துக்குப் போங்கள். முதலிலேயே ஆங்கிலத்துக்குத் தாவினால் கை பழைய மஸ்ட்டைத்தான் எழுதும்.

அறைச் சுவரில் ஒட்டும் தாளுக்கு ஷுட், ஹேவ் டு, நீட் டு, மஸ்ட், ஹேட் பெட்டர், சப்போஸ்ட் டு என்ற இந்த ஆறில் எதுவும் தேவையில்லை. ‘கெஸ்ட்ஸ் மஸ்ட் ஸ்விட்ச் ஆஃப் த கீசர்’, ‘யு ஷுட் கைண்ட்லி நாட் வாஷ் க்ளோத்ஸ்’ என்றெல்லாம் எழுதியதைக் கிழித்துவிட்டு ‘ப்ளீஸ் ஸ்விட்ச் ஆஃப் த கீசர் ஆஃப்டர் யூஸ்’ என்று எழுதுங்கள். ‘ப்ளீஸ்’ போட்டால் அதோடு மஸ்ட் வேண்டாம். கெஞ்சலும் கட்டளையும் ஒரே வாக்கியத்தில் வந்தால் படிப்பவர் கட்டளையை மட்டும்தான் எடுத்துக்கொள்வார்.